ஆள் சம்பளம்

ஜூன் 4, புதன்

எங்கள் கடைக்கு நேர் எதிரே இன்று சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். எனக்கும் அழைப்பிதழ் கொடுத்திருந்தார்கள். போனேன். வாசலில் பன்னீர் தெளித்து லட்டு கொடுத்தார்கள். லட்டு நன்றாக இருந்தது. தாராபுரத்தில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள். மீதிப் பேர் வெளியே வரிசையில் நின்றார்கள்.

சர்க்கரை விலையைப் பார்த்தேன். மண்டியில் நான் வாங்குகிற விலையைவிடக் குறைவாகப் போட்டிருந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற ஊழியரிடம் சொன்னேன்.

“பிழை இல்ல சார், ஆஃபர்” என்றார்.

திரும்பி வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கடைக்குள் உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்படியே நமக்கும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்திருக்கலாமுங்களே” என்றாள்.

ஜூன் 9, திங்கள்

வியாபாரம் மந்தம். வெயில் அதிகம்.

ஜூன் 12, வியாழன்

வியாபாரம் மந்தம். மழை.

ஜூன் 18, புதன்

மாதத்துக்கு மொத்தமாகச் சாமான் வாங்குகிற வீடுகள் எல்லாம் எதிரே போய்விட்டன. பெரிய பைகளோடு ரோட்டைக் கடக்கும்போது என்னைப் பார்த்துவிட்டால், “என்ன வெயில் பாருங்க” என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். மழை பெய்த அன்றும் ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் மட்டும் இன்னும் வருகிறார்கள். அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்குச் சமைக்கிறவர்கள். பத்து ரூபாய்க்குப் பருப்பு, ஐந்து ரூபாய்க்குச் சீரகம், ஒரு கை பூண்டு. இருபது வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் கொடுத்து வருகிறோம்.

சித்தாள் வேலைக்குப் போகும் மாராத்தாள் சொன்னார்: “நானும் அங்க போய்ப் பாத்தனுங்கண்ணா. ஜிலுஜிலுன்னு நல்லாத்தான் இருக்குது. ஆனா காக்கிலோவுக்குக் கொறைஞ்சு ஒண்ணும் இல்லீங்களாமா. எனக்கு வேணுங்கறது ஒரு வேளைக் கொழம்புக்கு.”

ஜூன் 27, வெள்ளி

சூப்பர் மார்க்கெட் மேனேஜர் கடைக்கு வந்தார். பெயர் கோகுல்நாத். சேலத்துக்காரர். வயது முப்பதுகூட இருக்காது. தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாராம். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று எச்சரிக்கையாக இருந்தேன். ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட் ஒன்று கேட்டார்.

“உங்க கடையில இல்லீங்களா?”

“எங்ககிட்ட பெரிய பாட்டில்தான் சார் இருக்கு.”

அந்த நேரம் மில் ஷிஃப்ட் முடிந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். வீட்டுக்காரி ஒருவருக்குப் பருப்பு, ஒருவருக்கு டீத்தூள், ஒருவர் மகளுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பு, எல்லாருக்கும் வாயாலேயே கணக்கு என்று அனுப்பிவிட்டாள். கோகுல்நாத் ஷாம்பூவைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

“தப்பா நினைக்காதீங்க சார். எங்ககிட்ட பில் போட ஆள் தேவைப்படுது. மேடம் வருவாங்களா?”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

ஜூன் 28, சனி

“நான் அங்க போகட்டுங்களா?” என்று கேட்டாள்.

“இங்க ஆரு பாக்கறது?”

“நீங்க இருக்கறீங்களே. கடை உங்களுதுதானுங்களே?”

கடை என்னுடையதுதான். அதனால் மேற்கொண்டு பேச வழியில்லாமல் போயிற்று. திருப்பூரில் இருக்கும் மகளுக்குப் போன் பண்ணினேன். “அம்மாவுக்கு எப்ப இருந்துப்பா வேலை? சம்பளம் எவ்வளவு?” என்று சந்தோஷமாகக் கேட்டாள். அவளிடம் எதற்காகப் பேசினேன் என்பது மறந்துவிட்டது.

ஜூலை 7, திங்கள்

வீட்டுக்காரி வேலைக்குச் சேர்ந்தாள். சேலைக்கு மேல் சிவப்பு நிறத்தில் ஒரு கோட்டு கொடுத்திருக்கிறார்கள். கோட்டுப் பையின் மேல் ‘துளசிமணி’ என்று எழுதிய பட்டை. இந்தத் தெருவுக்கு அவள் கடைக்காரக்கா. நான் கூப்பிடுவது “இந்தா”. அவள் பெயரை எழுத்தில் கடைசியாகப் பார்த்தது ரேஷன் கார்டில்.

பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

சீரகம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வாடிக்கையாளரே உள்ளே வந்து எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 15, செவ்வாய்

நான் கட்டிய பொட்டலம் வழியிலேயே அவிழ்ந்துவிட்டது என்று மாராத்தாள் திரும்பி வந்தார். பருப்பு பைக்குள் வெங்காயத்தோடு கலந்து கிடந்தது. நூல் சரியில்லை என்று சொன்னேன்.

“நூல் அதே நூல்தானுங்களேண்ணா” என்றார்.

வேறு பருப்பு கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 21, திங்கள்

விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதிரே போனேன். வியாபாரிக்கு இது அவசியம். ஒரு சோப்பு எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்குப் போனேன். துளசிமணியின் வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள். நின்றேன்.

என் முறை வந்தது. அவளுக்குப் பின்னால் கோகுல்நாத் நின்றிருந்தார்.

“வணக்கம் சார். மெம்பர் கார்டு இருக்குங்களா?” என்றாள்.

“இல்லீங்க.”

“பை வேணுங்களா?”

“வேண்டாமுங்க.”

“நன்றி. மறுபடியும் வாங்க.”

மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

துளசிமணிக்கு முதல் சம்பளம் வந்தது. எனக்கு ஒரு வேட்டி எடுத்திருந்தாள். அவளுக்கு ஒரு செருப்பு. நாள் முழுக்க நிற்பதற்குப் பழைய செருப்பு ஆகவில்லையாம். மீதியை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. அது அவள் பணம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பழைய பாக்கியைத் தீர்க்காமல் இனி சரக்கு கிடையாது என்று போன வாரம் சொன்ன மண்டிக்காரர், இன்று தானாகவே பருப்பு மூட்டை அனுப்பினார். மனசு இரங்கியிருக்க வேண்டும். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விலை ஒப்பிடப் போனேன். பக்கத்து வரிசையில் ஆளே இல்லை. அங்கே இருந்த பெண், “சார், இங்க வாங்க” என்று கையை ஆட்டினாள். எனக்குக் காது கேட்கவில்லை.

வீட்டில் இப்போது சோப்பு நிறையச் சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

சாப்பிடும்போது துளசிமணி சொன்னாள்: “மேனேஜர் ஒரு விஷயம் கேட்டாருங்க.”

“என்ன?”

“எதுத்த கடையில, அதாவது நம்ம கடையில, எது நல்லா ஓடுது? கூலிக்காரங்க இன்னும் ஏன் அங்கயே போறாங்க? அதைச் சொல்லுங்கன்னாரு. மேல ஆபீசுல கேக்கறாங்களாமா.”

“நீ என்ன சொன்னே?”

“யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னனுங்க.”

சம்பளம் வாங்குகிற இடத்தில் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ரசம் காரமாக இருந்ததால் சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

“அந்த மேனேஜர் கேட்டதைச் சொல்லிட்டனுங்க” என்றாள்.

“சரி” என்றேன்.

கடைக்குப் போய் டப்பாக்களைத் துடைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சூப்பர் மார்க்கெட்டில் வாசலுக்கு எதிரிலேயே புதிதாக ஒரு தட்டுவரிசை வைத்திருக்கிறார்கள். மேலே மஞ்சள் நிறத்தில் ‘நம்ம ஊரு ஸ்பெஷல்’ என்று போர்டு. விஷயத்தைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்தது என்ன என்று முடிவெடுக்க முடியும். போய்ப் பார்த்தேன்.

மாசிக்காய். கடுக்காய். வெட்டிவேர். மரச் சீப்பு. கரித்தூள் பல்பொடி. நன்னாரி சர்பத் பாட்டில்.

மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன். எங்கள் கடையில் வருஷக்கணக்காக நகராமல் கிடக்கிற சாமான் அத்தனையும், ஒன்று விடாமல், வரிசையாக இருந்தது. மரச் சீப்பு எங்கள் கடையில் மொத்தம் இரண்டு விற்றிருக்கிறது. அதில் ஒன்றை நான் வாங்கினேன்.

கோகுல்நாத் பக்கத்தில் வந்து நின்றார். “எப்படி சார் இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்றேன்.

சோப்பை எடுத்துக்கொண்டு துளசிமணியின் வரிசைக்குப் போனேன். “மெம்பர் கார்டு இருக்குங்களா?” என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவருக்கும் சிரமமாகியிருக்கும்.

செப்டம்பர் 29, திங்கள்

நம்ம ஊரு ஸ்பெஷலில் ஒரு சர்பத் பாட்டில் மட்டும் விற்றதாம். அதுவும் மறுநாள் திரும்ப வந்துவிட்டதாம். கோயம்புத்தூரிலிருந்து பெரிய அதிகாரி வந்து, எல்லாரும் பார்க்க, கோகுல்நாத்தை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனாராம். துளசிமணி இதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“அந்தத் தம்பிக்கு வேலையே போயிருமாட்ட இருக்குதுங்க.”

“ம்.”

“ஒரு நாள் எனக்குக் காலு வீங்கிப் போச்சுன்னு, அந்தத் தம்பியே ரெண்டு மணி நேரம் பில் போட்டுதுங்க. என்னை உக்காரச் சொல்லிட்டு.”

கால் வீங்கியது எனக்குத் தெரியாது.

“நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றாள்.

“தட்டுவரிசையைப் பாத்தேன்.”

“பொய் சொன்னா இப்படி நெஞ்சைப் போட்டுப் பிசையும்னு தெரியாமப் போச்சுங்க.”

“அப்ப உண்மையச் சொல்லிரு.”

“சொன்னா சின்னச் சின்னப் பொட்டலமா அவுங்களே போட ஆரம்பிச்சுருவாங்க. மாராத்தாக்காகூட அங்க போயிரும்.”

“போகட்டும்” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மோர் கேட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

துளசிமணி உண்மையைச் சொல்லிவிட்டாள். கூலிக்காரர்கள் ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரு வேளைக்கு மட்டும்தான் வாங்குவார்கள், பத்து ரூபாய்க்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் வியாபாரம், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை என்று சொன்னாளாம். மாசிக்காய் விஷயத்தையும் சொல்லிவிட்டாளாம்.

“திட்டினாரா?”

“இல்லீங்க. அந்தத் தட்டுவரிசையத் திரும்பிப் பாத்தாரு. அப்பறம், ‘நான் உங்க இடத்துல இருந்தாலும் அதைத்தான் மேடம் செஞ்சிருப்பேன்’ன்னாரு. இப்ப மேல ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கறாரு.”

அக்டோபர் 9, வியாழன்

கடையைக் காலி செய்தால் செல்போன் ரிப்பேர்க் கடைக்கு வேண்டும் என்று கட்டட உரிமையாளரிடம் ஒருவர் சொல்லி வைத்திருக்கிறாராம். உரிமையாளரே நேரில் வந்து சொன்னார். அவசரம் ஒன்றும் இல்லை என்றார். போகும்போது சுவரை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

நூல் மில்லில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதா என்று விசாரித்தேன். சும்மா தெரிந்துகொள்வதற்காக. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லையாம். எனக்கு ஐம்பத்தேழு.

அக்டோபர் 14, செவ்வாய்

கோகுல்நாத் ஷாம்பூ வாங்க வந்தார். மேல் ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டதாம்.

“வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்.”

“ஏனுங்க?”

“கட்டுப்படி ஆகாதாம். பத்து ரூபாய் பொட்டலம் கட்ட ஒரு ஆள் நாள் முழுக்க உக்காரணும். அந்த ஆள் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நஷ்டம்தான் வருது. நானும் போட்டுப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு.” பிறகு கேட்டார்: “நீங்க மட்டும் எப்படி சார் பத்து ரூபாய்க்குக் கொடுக்கறீங்க?”

“எங்களுக்கு ஓடிருதுங்க” என்றேன்.

அவர் வேலைக்கு ஆபத்தில்லை. பொங்கலுக்குப் பிறகு வேறு ஊருக்கு மாற்றுவார்களாம். ஷாம்பூவுக்குக் காசு வேண்டாம் என்றேன். காசை வைத்துவிட்டுப் போனார்.

கடை பிழைத்தது. சந்தோஷமாக இருந்தது. ஒரு டீ வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகு, அவர் போட்ட கணக்கை நானும் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் போட்டுப் பார்த்தேன். பருப்பு விலை, காகிதம், நூல், கரண்ட், வாடகை. அதற்குக் கீழே, இதுவரை நான் ஒருநாளும் எழுதாத வரி ஒன்று. பொட்டலம் கட்டுகிற ஆளுக்குச் சம்பளம்.

அக்டோபர் 15, புதன்

கணக்கை மறுபடி போட்டேன். அதே விடைதான் வந்தது.

மலிவாகக் கொடுக்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. லயன்ஸ் கிளப்பில் ஒருமுறை சால்வைகூடப் போட்டார்கள். அன்றைக்கு அவள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விழாவுக்கு வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

சூப்பர் மார்க்கெட்டுக்கு இன்று அரை நாள் வேலை. துளசிமணி வரும்போது மதியம் ஆகிவிட்டது. கறிக்குழம்பு நானே வைத்திருந்தேன். சாப்பிட்டாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அங்க உனக்குப் பிடிச்சிருக்குதா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “மாசம் பொறந்தா எம் பேருல சம்பளம் வருதுங்க. வாரத்துல ஒரு நாள் லீவு. பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. காலுதான் வலிக்குது.”

“நம்ம கடையில?”

“அங்கயும் காலு வலிக்கத்தான் செஞ்சுதுங்க” என்றாள்.

வெளியே பட்டாசுச் சத்தம் அதிகமாக இருந்ததால் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று கேட்டுவிட்டேன்.

“கடைக்குத் திரும்ப வர்றியா? சம்பளம் தர்றேன்.”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கணக்கைக் காட்டினேன். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாளோ என்று பயமாக இருந்தது.

“அங்க குடுக்கறதைவிடக் கம்மியாப் போட்டிருக்கறீங்க” என்றாள்.

“கடை சின்னக் கடை.”

“வேலை சின்ன வேலை இல்லீங்களே.”

கொஞ்சம் ஏற்றினேன்.

“வாரத்துல ஒரு நாள் லீவு வேணுமுங்க.”

“ஞாயித்துக்கிழமதான் நமக்கு வியாபாரமே.”

“அப்பச் செவ்வாய்க்கிழம. அன்னைக்கு நீங்கதான் சோறாக்கோணும்.”

சோறாக்குவது சம்பளத்தில் சேராது என்றேன். சேரும் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் முடித்துக்கொண்டாள். அதை நான்தான் சொல்வதாக இருந்தது. அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

யோசித்தாகிவிட்டதாம். மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாக அங்கே சொல்லிவிட்டாள். கோகுல்நாத் காரணம் கேட்டாராம்.

“என்ன சொன்னே?”

“வேற இடத்துல வேலை கெடைச்சிருக்குதுன்னு சொன்னனுங்க.”

நவம்பர் 3, திங்கள்

துளசிமணி கடைக்கு வந்தாள். முதல் வேலையாகச் சீரகத்தை அதன் இடத்தில் வைத்தாள். அடுத்து விலை விஷயம். சம்பளம் கொடுப்பதென்றால் பத்து ரூபாய்ப் பொட்டலம் பத்து ரூபாய்க்குக் கட்டுப்படி ஆகாது. விலை ஏற்றினால் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள், அளவில் ஒரு சிட்டிகை குறைத்தால் யாருக்கும் தெரியாது என்றேன். வியாபாரத்தில் எல்லாரும் செய்வதுதான்.

“கொழம்பு வெக்கறவளுக்குத் தெரியாமப் போகுமுங்களா? அளவுல கை வெக்காதீங்க. வெலையவே ஏத்தி, மொகத்தப் பாத்துச் சொல்லிருங்க.”

சாயங்காலம் மாராத்தாள் வந்தார். நான் உள்ளே ஒரு மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தேன். துளசிமணி என்னைக் கூப்பிட்டாள். “இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாமா” என்றாள்.

“பருப்பு இன்னைக்கிருந்து பன்னண்டு ரூபாய்ங்க” என்றேன்.

“ஏனுங்கண்ணா? அங்க எல்லாம் ஆஃபருங்கறாங்க. நீங்க ஏத்தறீங்க?”

“ஆள் சம்பளம் சேருதுங்க.”

மாராத்தாள் கடைக்குள் எட்டிப் பார்த்தார். “எந்த ஆளு? அக்கா மட்டுந்தானுங்களே இருக்குது?”

“அந்த ஆளுதானுங்க.”

மாராத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. சிமெண்டு படிந்த கையால் சுருக்குப் பையைத் திறந்து, பத்து ரூபாயோடு இன்னும் ஒரு ரெண்டு ரூபாயை எடுத்து, என் கையில் கொடுக்காமல் துளசிமணி கையில் கொடுத்தார். “வாங்கிக்கக்கா” என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள். அவர்கள் கூலி ஏறவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

துளசிமணிக்கு லீவு. மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டு வந்தாள். நான் சோறாக்கினேன். சீரகம் இருந்த இடத்தில் இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

மூன்றாம் தேதி வாங்காமல் போன இரண்டு பேரில் ஒருவர் திரும்ப வருகிறார். இன்னொருவரைக் காணோம்.

டிசம்பர் 1, திங்கள்

துளசிமணிக்குச் சம்பளம் கொடுத்தேன். கவரில் போட்டு, மேலே அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். பெயரைப் பார்த்தாள். பிறகு என் எதிரிலேயே எண்ணினாள். நூறு ரூபாய் குறைகிறது என்றாள். குறைந்துதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

வாடகை, கரண்ட், மண்டி, அவள் சம்பளம் எல்லாம் போகக் கடையில் எனக்கென்று மிஞ்சியது, அவள் சம்பளத்தில் பாதிகூட இல்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

கவரை இடுப்பில் செருகிக்கொண்டே, “மொதலாளின்னா அப்படித்தானுங்க” என்றாள்.